குளிரில் குலுங்கும் டீசல் வண்டி: பழி போடுமுன் சோதித்துப் பாருங்கள்

மளிகை மொத்த வியாபாரிக்கு எஞ்சினைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். பள்ளிப் படிப்பும், நாற்பது ஆண்டுகளாகக் கல்லாவில் உட்கார்ந்த அனுபவமும் தவிர நம்மிடம் வேறு தகுதி கிடையாது. இருந்தாலும் நம் உறுப்பினர்களில் பலரிடம் ஏதாவது ஒரு டீசல் வண்டி இருக்கிறது. கொள்முதலுக்குப் போகும் கார், சரக்கு இறக்கும் மினி லாரி, வீதி வீதியாகச் சப்ளை செய்யும் குட்டி யானை என்று எதுவானாலும், அது காலையில் மக்கர் செய்தால் அன்றைய வியாபாரம் பாழ். 2024 டிசம்பரில் நமது வண்டி செய்த மக்கரால் நாம் 80,000 ரூபாயைத் தண்டமாக இழக்க இருந்தோம். அதைவிடப் பெரிய இழப்பாக, பத்தொன்பது ஆண்டுகள் நம்மோடு இருந்த ஓட்டுநரையும் இழக்க இருந்தோம். நாம் பட்டது மற்றவர்களுக்குப் பாடமாகட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

நமது கடை உதகமண்டலத்தில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை ரங்கே கவுடர் வீதியில் கொள்முதலை முடித்துக்கொண்டு மாலையில் திரும்புவது வழக்கம். வண்டி 2014-இல் வாங்கிய நான்கு சிலிண்டர் டீசல் கார். பத்து ஆண்டுகளாக நம்மை ஒரு நாளும் வழியில் நிறுத்தியதில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் பனி இறங்கியது. உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவுக் குளிர் பூஜ்யம் டிகிரியை ஒட்டி வந்துவிடும். விடிந்து பார்த்தால் பள்ளமான இடங்களில் புல்லின் மேல் உப்பைத் தூவியது போல் உறைபனி கிடக்கும். அப்படிப்பட்ட ஒரு காலையில் ஓட்டுநர் செல்ஃப் அடித்தார். வழக்கத்தைவிட நாலைந்து விநாடி கூடுதலாகச் சுற்றியபின் எஞ்சின் பிடித்தது. பிடித்ததும் ஒரு குலுக்கல் பாருங்கள்! ஸ்டீயரிங், சீட், கதவுக் கண்ணாடி எல்லாம் நடுங்கின. ஓட்டுநர்கள் பாஷையில் சொன்னால் 'மிஸ் அடித்தது'. சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை மூடியது. பக்கத்தில் நின்றால் கண் எரிந்தது, பச்சை டீசல் வாடை அடித்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் ஒன்றுமே நடக்காதது போல் எஞ்சின் சீராகிவிட்டது. அதன்பின் அன்று முழுவதும் எந்தக் குறையும் இல்லை. மறுநாள் காலையிலும் இதே கதை.

நமக்கு உடனே சந்தேகம் டீசல் மேல் போனது. டீசல் போடுபவர் யார்? ஓட்டுநர். பணம் கொடுப்பது நாம், பில் கொண்டு வருவது அவர். எங்கேயோ மலிவாகக் கிடைத்த கலப்பட டீசலை ஊற்றிவிட்டு மிச்சத்தைப் பையில் போட்டுக்கொள்கிறார் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. கடைப் பையன்கள் நான்கு பேர் நிற்கும்போதே, "மண்ணெண்ணெய் கலந்த டீசல் போட்டால் வண்டி இப்படித்தான் ஆடும்" என்று சாடையாகச் சொல்லிவிட்டோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

இடையில் ஒரு நாள் மலைப்பாதையில் மரம் விழுந்து போக்குவரத்து நின்றதால், வண்டியோடு அவர் இரவு மேட்டுப்பாளையத்தில் தங்க நேர்ந்தது. மறுநாள் வந்து சொன்னார்: "ராத்திரி பூரா கீழே நின்னுச்சுங்க முதலாளி. காலையில ஒரே செல்ஃப்ல பிடிச்சிருச்சு, ஒரு ஆட்டமும் இல்லை. மேல நின்னாத்தான் ஆடுது." நாம் அதை ஒரு சாக்கு என்று தள்ளிவிட்டோம். உண்மையில் முழு விடையும் அந்த ஒரு பேச்சில் தான் இருந்தது. அதே டாங்க், அதே டீசல். டீசலில் தான் குறை என்றால் கீழே மட்டும் எப்படி ஒழுங்காக ஓடும்? சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் விலை சொன்னவன் கதையாக நமது புத்தி போயிற்று.

அடுத்த வாரம் டீசலை நாமே கூட இருந்து போட்டோம். பங்க்கில் டென்சிட்டி பார்க்கச் சொல்லிக் கேட்டோம். இதைக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, வெப்பநிலையைப் பார்த்து, அன்றைய பதிவோடு ஒப்பிட்டுக் காட்டுவார்கள். அளவில் சந்தேகம் இருந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டவும் கேட்கலாம். நம் கடைத் தராசுக்கு முத்திரை உள்ளது போலத்தான் அதுவும். டீசல் சரியாகவே இருந்தது. வண்டி மறுநாளும் ஆடியது. அப்போதாவது ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

டீசல் எஞ்சினுக்குச் சூடு தான் தீக்குச்சி

மேலே போகுமுன் டீசல் எஞ்சின் எப்படிப் பற்றுகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் பொறி கொடுத்துப் பற்ற வைக்கிறது. டீசலில் பொறி கிடையாது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் சூட்சுமமே அது தான். சிலிண்டருக்குள் வந்த காற்றை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கிலிருந்து இருபத்திரண்டில் ஒரு பங்கு வரை நெருக்குகிறார்கள். சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அதன் அடி சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே விதி தான். நெருங்கிய காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பொடித்தூறலாகப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்கிறது.

ஆனால் குளிர்ந்த எஞ்சினில் என்ன நடக்கிறது? உள்ளே வரும் காற்று குளிர்ந்தது. சிலிண்டர் சுவர் குளிர்ந்த இரும்பு. காற்றில் பிறந்த சூட்டை அது உறிஞ்சிவிடுகிறது. பாட்டரியும் குளிரில் சோர்ந்து எஞ்சினை மெதுவாகச் சுற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் சூடு வெளியேற இன்னும் நேரம் கிடைக்கிறது. உதகைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்கு தான். நெருக்குவதற்குக் காற்றே குறைவு என்றால் சூடும் குறையத்தானே செய்யும்?

இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். பென்சில் பருமனில் இருக்கும். சாவியைத் திருப்பியதும் அதன் நுனி சில விநாடிகளில் 800, 900 டிகிரி வரை பழுத்து, அந்தச் சிலிண்டருக்கு ஆரம்பச் சூட்டைக் கொடுக்கிறது. பல வண்டிகளில் ஸ்டார்ட் ஆன பிறகும் ஓரிரு நிமிடங்கள் இது வேலை செய்யும். நான்கில் ஒன்றிரண்டு செத்துவிட்டால், அந்தச் சிலிண்டர்களில் பீய்ச்சிய டீசல் பற்றாமல் வெள்ளைப் புகையாக வெளியேறும். மற்ற சிலிண்டர்கள் மட்டும் இழுப்பதால் எஞ்சின் நொண்டும். நாலு பேர் தூக்க வேண்டிய மூட்டையை இரண்டு பேர் தூக்கினால் எப்படித் தள்ளாடுவார்களோ அப்படி. எஞ்சின் சூடானதும் ஹீட்டர் தேவையில்லை என்பதால் எல்லாம் சரியாகிவிடும்.

பணிமனை கொடுத்த எஸ்டிமேட்

நாம் இதெல்லாம் தெரியாமல் கோவையில் ஒரு பணிமனைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். மலை இறங்கிப் போய்ச் சேரும்போது எஞ்சின் நன்றாகச் சூடாகி இருந்தது. அங்கே குலுங்கவும் இல்லை, புகையவும் இல்லை. நாம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, வண்டிக்கு வயதாகிவிட்டது, நான்கு இன்ஜெக்டரையும் மாற்றிவிடுங்கள் என்றார்கள். இன்ஜெக்டர் நான்குக்கு 72,000, கூலி 8,000, ஆக 80,000 ரூபாய். மகன் மாற்றிவிடலாம் என்றான். நமக்குக் கை வரவில்லை. காரணம் அறிவு அல்ல, மொத்த வியாபாரியின் இயல்பான கஞ்சத்தனம் தான்.

குன்னூரில் வெகு காலமாக டீசல் பம்ப், நாசில் வேலை பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டோம். அவர் வண்டியைக் கொண்டு வரச் சொல்லவில்லை. "அண்ணாச்சி, குளிர்ல வர்ற நோயை வெயில்ல காட்டினா எந்த டாக்டருக்கும் தெரியாது. நாளைக்குக் காலையில நான் வர்றேன். நான் வர்ற வரைக்கும் யாரும் செல்ஃப் அடிக்காதீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையே அவருக்குத் தொழில் தெரியும் என்று காட்டியது. குறை எந்த நிலையில் வருகிறதோ அந்த நிலையில் தான் சோதிக்க வேண்டும். இதை வாசகர்கள் மறக்க வேண்டாம்.

பாய் செய்த சோதனைகள்

மறுநாள் ஆறு மணிக்கு வந்தார். முதலில் நம்மை விட்டுவிட்டு ஓட்டுநரிடம் தான் விசாரித்தார். எத்தனை விநாடி சுற்றுகிறது, பிடித்த உடனே ஆடுகிறதா அல்லது சற்றுப் பொறுத்தா, எத்தனை நிமிடத்தில் அடங்குகிறது, புகை என்ன நிறம், வேறு ஊரில் நிறுத்தினால் எப்படி என்று வரிசையாகக் கேட்டார். மேட்டுப்பாளையத்து விஷயத்தைக் கேட்டதும் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கீழ்க்கண்ட வரிசையில் பார்த்தார். காசு செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது கடைசியில்.

1. புகை. வெள்ளைப் புகை, கண் எரிச்சல், டீசல் வாடை, சூடானதும் நின்றுவிடுகிறது என்றால் டீசல் பற்றாமல் போகிறது என்று பொருள். வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்து, கூலன்ட் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அந்த வண்டியை ஓட்டக் கூடாது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரில் தொடங்கிப் பார்க்க வேண்டும்.

2. பாட்டரி. மீட்டரை வைத்துப் பார்த்தார். இரவு முழுவதும் நின்ற நல்ல பாட்டரி 12.5 வோல்ட் அளவுக்குக் காட்ட வேண்டும். செல்ஃப் சுற்றும்போது ஒன்பதரைக்குக் கீழே விழக் கூடாது. நமது பாட்டரி நன்றாக இருந்தது. டெர்மினலில் பூத்திருந்த வெள்ளையை மட்டும் சுரண்டித் துடைத்தார்.

3. வெப்ப சென்சார். புது வண்டிகளில் ஹீட்டரை எவ்வளவு நேரம் போடுவது, எவ்வளவு டீசல் விடுவது என்பதைக் கம்ப்யூட்டர் தான் தீர்மானிக்கிறது. கூலன்ட் வெப்ப சென்சார் பொய் சொன்னால் கம்ப்யூட்டரும் தவறாக நடக்கும். பாய் ஸ்கேனரை மாட்டி, ஸ்டார்ட் செய்யாமலே பார்த்தார். இரவு முழுவதும் நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பமும், உள்ளே போகும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 4 டிகிரி என்றும் மற்றொன்று 40 டிகிரி என்றும் காட்டினால் ஒரு சென்சார் கெட்டுவிட்டது. நமது வண்டியில் இரண்டும் ஒத்திருந்தன.

4. ஹீட்டர் பிளக். இங்கே தான் நாம் வாய் விட்டோம். "பாய், ஹீட்டர் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைகிறதே" என்றோம். அவர் சிரித்தார். மீட்டர் போர்டில் எரியும் அந்தச் சுருள் விளக்கு, ஹீட்டருக்கு உத்தரவு போய்விட்டது என்பதை மட்டும் காட்டுகிறது. பிளக் சூடானதா என்பது பல வண்டிகளில் அந்த விளக்குக்குத் தெரியாது. லாரி ஷெட்டிலிருந்து புக்கிங் ரசீது வந்துவிட்டது என்பதற்காகச் சரக்கு குடோனுக்கு வந்துவிட்டதாகக் கணக்கு எழுதுவோமா?

நான்கு பிளக்கின் மேல் இணைப்பையும் கழற்றினார். மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் தொட்டார். நல்ல பிளக் ஒரு ஓம் அளவில், மிகக் குறைந்த தடையைக் காட்டும். ஒன்றும் நான்கும் அப்படிக் காட்டின. இரண்டாவதும் மூன்றாவதும் உள்ளே கம்பி அறுந்து, மீட்டரில் ஒன்றும் வரவில்லை. மீட்டர் இல்லாதவர்கள் சாதாரண டெஸ்ட் விளக்கின் ஒரு முனையைப் பாட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையைக் கழற்றிய பிளக்கின் தலையில் தொட்டுப் பார்க்கலாம். விளக்கு எரியாவிட்டால் பிளக் செத்தது. பிளக் நன்றாக இருந்து, சாவி போட்டதும் இணைப்பு ஒயரில் கரண்ட் வராவிட்டால், ஃபியூஸ் அல்லது ரிலே பக்கம் பார்க்க வேண்டும். இந்தக் கரண்ட் சோதனையை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தான் செய்ய வேண்டும். சூடான எஞ்சினில் கம்ப்யூட்டர் ஹீட்டரைப் போடாமலே விட்டுவிடும்.

5. இன்ஜெக்டர். எஸ்டிமேட் வாங்கியிருந்ததால் அதையும் பார்த்துவிடச் சொன்னோம். நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் டாங்க்குக்குத் திரும்பும் டீசலைத் தனித்தனிக் குழாய் வழியாக ஒரே அளவுள்ள நான்கு பாட்டிலில் பிடித்தார். தேய்ந்த இன்ஜெக்டர் மற்றவற்றைவிட மிக அதிகமாகத் திருப்பி அனுப்பும். சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தியபோது நான்கு பாட்டிலும் எண்ணெய் அளந்து வைத்தது போல் ஒரே மட்டத்தில் நின்றன. 80,000 ரூபாய் அந்த நான்கு பாட்டிலில் மிஞ்சியது.

பாதிக் குறை தீர்ந்தால் கணக்கை மூடாதீர்கள்

நான்கு ஹீட்டர் பிளக்கையும் மாற்றினார். இரண்டு தானே கெட்டது என்றோம். ஒரே வயதுடையவை, மற்ற இரண்டும் பின்னாலேயே போகும், மறுபடி கூலி கொடுப்பீர்களா என்றார். நியாயமாகப் பட்டது.

மறுநாள் காலையில் முதல் செல்ஃபிலேயே எஞ்சின் பிடித்தது. புகை இல்லை. ஆட்டம் இல்லை. ஆனால் ஐந்தாறு விநாடி கழித்து ஒரு தடவை மூச்சு வாங்கி, அணையப் போவது போல் இறங்கி, மறுபடி எழுந்து சீரானது. நாம் இது போதும் என்றிருந்தோம். ஓட்டுநர் தான் விடவில்லை. "இன்னும் ஏதோ இருக்குதுங்க" என்று பாய்க்கு அவரே போன் செய்தார்.

பாய் போனிலேயே சொன்னார்: "இன்னிக்கு ராத்திரி வண்டியைத் திருப்பி, மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்துங்க." நமது ஷெட் சரிவில் இருக்கிறது. வண்டி எப்போதும் முன்பக்கம் மேட்டில் இருக்கும்படி தான் நிற்கும். திருப்பி நிறுத்தினோம். காலையில் அந்த மூச்சு வாங்கலும் இல்லை!

விஷயம் இது தான். டாங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சி வரும் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால், இரவில் அதன் வழியாகக் காற்று புகுந்து, டீசல் டாங்க்குக்கே பின்வாங்கிவிடும். காலையில் பம்ப்பில் தங்கியிருக்கும் டீசலில் எஞ்சின் பிடிக்கும். பின்னால் காற்றுக் குமிழி வந்து சேரும்போது திணறும். பிடித்த உடனே ஆடினால் பெரும்பாலும் ஹீட்டர். நன்றாகப் பிடித்துச் சில விநாடி கழித்துத் திணறினால் காற்று என்று பாய் கணக்குச் சொன்னார். உறிஞ்சும் பக்கத்துக் குழாய் என்பதால் வெளியே ஒரு சொட்டுக் கூட ஒழுகாமலும் இருக்கலாம். ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடிக் குழாயை இடையில் மாட்டியதும் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரிந்தது. வெடித்த ரப்பர் குழாயை மாற்றினார். மேட்டுப்பாளையத்தில் வண்டி சமதரையில் நின்றதால் அங்கே இந்தக் குறையும் தலைகாட்டவில்லை.

கல்லாவில் 500 ரூபாய் குறைந்து, தேடியதில் 400 ரூபாய்க்குக் கணக்குக் கிடைத்தால் மீதி 100 ரூபாயை விட்டுவிடுகிறோமா? வண்டிக்கும் அதே முறை தான்.

மொத்தச் செலவு: ஹீட்டர் பிளக் நான்கு 3,200, குழாயும் கிளிப்பும் 350, பாயின் கூலி 1,500. ஆக 5,050 ரூபாய்.

உயிருக்கு ஆபத்தான தவறுகள்

பழைய பம்ப் எஞ்சின்களில், ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாய் நட்டையும் சற்றுத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். காமன் ரெயில் எஞ்சினில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. நம் கார் டயரில் உள்ள காற்று ஏறத்தாழ 2 பார் அழுத்தம். காமன் ரெயில் குழாயில் சும்மா ஓடும்போதே சில நூறு பார், வேகத்தில் 1,000 பாருக்கும் மேல். அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்திய அளவு காயம் தான் தெரியும், ஆனால் கையையே எடுக்கும்படி ஆகிவிடும். அப்படி நடந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் செய்யக் கூடாது. பழுத்த பிளக்கில் பட்டு எஞ்சினுக்குள்ளேயே வெடிக்கும். டாங்க்குக்குக் கீழே துணியைக் கொளுத்திச் சூடேற்றும் பழக்கமும் வேண்டாம்.

பிளக்கைச் சோதிக்கப் பாட்டரியில் நேராக மாட்டிப் பழுக்க வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. சில புது வண்டிகளின் பிளக் 12 வோல்ட்டுக்கும் குறைவான வோல்ட்டில் வேலை செய்பவை. நேராக மாட்டினால் நல்ல பிளக்கும் எரிந்துவிடும். கழற்றும்போதும் அவசரம் கூடாது. எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி, துரு இளக்கும் எண்ணெய் விட்டுப் பொறுமையாகத் திருப்ப வேண்டும். முறிந்து ஹெட்டில் மாட்டிக்கொண்டால் செலவு பத்து மடங்காகிவிடும்.

தினசரிப் பழக்கம்

சாவியைப் போட்டதும் சுருள் விளக்கு அணையும் வரை பொறுத்து, பிறகு செல்ஃப் அடியுங்கள். கடுங்குளிரில் இரண்டு தடவை சாவியைப் போட்டு எடுத்தால் நல்லது. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். பிடித்ததும் ஆக்சிலேட்டரை மிதித்து உறும விடாதீர்கள். அரை நிமிடம் விட்டு மெதுவாக நகர்த்துங்கள். கால் மணி நேரம் நின்ற இடத்தில் ஓட விடுவதால் டீசல் தான் வீண். 2020-க்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் புகை ஃபில்டர் அடைத்துக்கொள்ளவும் அது வழி செய்யும். டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரைக் குறித்த காலத்தில் வடித்து விடுங்கள். எஞ்சின் சூடானபிறகும் ஆட்டம் நிற்காவிட்டால், அது வேறு கணக்கு. எஞ்சின் மவுண்டிங் ரப்பர், இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரஷன் என்று பார்க்க வேண்டும்.

முடிவாக ஒன்று

வண்டி சரியான அன்று மாலை கடை அடைக்கும் நேரத்தில், முன்பு யார் யார் இருக்கும்போது பழி சொன்னோமோ அந்த நான்கு பையன்களையும் நிறுத்தி வைத்துக்கொண்டு, ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டோம். நாலு பேர் முன் சொன்ன பழியைத் தனியாகக் கூப்பிட்டுத் திரும்ப வாங்க முடியாது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கீழே நின்னா ஆடலைன்னு அன்னிக்கே சொன்னேனுங்க முதலாளி" என்றார். அவ்வளவு தான். அடுத்த மாதத்திலிருந்து வேறு இடத்துக்குப் போக முன்பணம் வாங்கியிருந்தார் என்பதும், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பதும் பிறகு தான் தெரிந்தது.

நம் தொழிலில் எடை குறைந்தால் முதலில் தராசைப் பார்க்கிறோம், பிறகு சாக்கைப் பார்க்கிறோம், கடைசியில் தான் ஆளைப் பார்க்கிறோம். வண்டி விஷயத்தில் நாம் ஆளிலிருந்து ஆரம்பித்தோம். வாசகர்கள் அப்படிச் செய்ய வேண்டாம். குளிர் காலம் வருமுன் உங்கள் வண்டியின் ஹீட்டர் பிளக்கை ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கும்போது ஓட்டுநரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள்.